முடக்கு வைரவரும் பத்மாவதியின் கிணறும்

ஏரம்பர் இறந்தபோது மனைவி பத்மாவதிக்கு விட்டுப்போனவை ஒரு வீடு, வெங்காயம் நடுகிற ஒரு தோட்டத் தறை, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, வளவின் பின்மூலையில் கொட்டில் நிறைய நஞ்சு. முதல் மூன்றுக்கும் காணி உறுதி இருந்தது. நாலாவதுக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் வரவில்லை.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, மருதனார்மடத்தில் ஒழுங்கை வளைகிற ஒரு முடக்கில் இருக்கிறது அந்த வளவு. பத்மாவதிக்கு ஐம்பத்தைந்து வயது. மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். ஒரே மகள் ஆரணி கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள்.

ஏரம்பர் எதையும் எறியாத மனிதர். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு பற்றரி வைத்திருந்தாலே குற்றம் என்று இருந்த ஊர் இது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, மறுபடி வானொலிக்குள் போட்டுச் செய்தி கேட்டவர் அவர். அப்படி வாழ்ந்தவனுக்குக் குப்பை என்ற ஒன்று உலகத்தில் கிடையாது. பிறகு இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒருநாள் அரசாங்கம் நித்திரையால் எழும்பி, இரசாயன உரமும் பூச்சி மருந்தும் இனி நாட்டுக்குள் கூடாது என்றது. ஏரம்பர் ஓடிப்போய்க் கிடைத்ததையெல்லாம் வாங்கி ஒளித்தார். சில மாதத்தில் அதே அரசாங்கம் கூடும் என்றது. இனி எப்போது மாறுமோ என்ற பயத்தில் அப்போதும் வாங்கினார். அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மருந்து இருந்தது.

மாரி மழையில் கொட்டிலின் கூரை விழுந்தபோதுதான் பத்மாவதி உள்ளே பார்த்தாள். பேர் அழிந்த போத்தல்கள், துருப்பிடித்த தகர டின்கள், ஊதிப்போன பற்றரிகள், உடையாத குழல் விளக்குகள், எந்தக் காலத்துப் பொருள் என்றே தெரியாத ஒரு மஞ்சள் தூள். எல்லாவற்றின் மேலும் மழைத் தண்ணீர். அதே கிழமைதான் ஆரணி தொலைபேசியில் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவாள். இந்தக் கிணற்றில்தான் குடிப்பாள், குளிப்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள்.

"அம்மா, ஒண்டோடை ஒண்டு கலக்காதேங்கோ," என்றாள் ஆரணி. "வேறை போத்திலுக்கு மாத்தாதேங்கோ, எரிக்காதேங்கோ, கிடங்கு வெட்டித் தாக்காதேங்கோ."

"அப்ப என்ன செய்யிறது? தலையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறதோ?"

"எடுக்கிறதுக்கு ஆரும் இருப்பினம். விசாரியுங்கோ."

பத்மாவதி விசாரித்தாள். முதலில் பக்கத்து வீட்டு இராசமலரிடம். இராசமலருக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

"பத்மாக்கா, பின்னுக்குக் கனடாக்காரற்றை பாழ்க்கிணறு சும்மாதானே கிடக்குது. நாங்கள் எல்லாம் உதுக்குள்ளைதான் போடுறம்."

"விசரே உனக்கு? கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. அந்தக் கிணத்துத் தண்ணியும் உன்ரை கிணத்துத் தண்ணியும் ஒரே தண்ணி."

"அது எனக்குத் தெரியாதே? அவையின்ரை காணிக்குள்ளைதானே போடுறம் எண்டு சொன்னனான்."

குப்பை உழவு இயந்திரத்தோடு வருகிறவர், உக்கும் குப்பைக்கு ஒரு பை, உக்காத குப்பைக்கு ஒரு பை என்றார். நஞ்சு உக்காது என்பதால் அது இரண்டாவது பையில் சேரும். ஆனால் நஞ்சு என்பதால் அவர் அதைத் தொடமாட்டார். பூச்சி மருந்துக் கடைக்காரர் சுவரில் இருந்த அறிவித்தலைக் கைகாட்டினார்: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. பயிர் பற்றி ஆலோசனை சொல்லும் அரசாங்கக் கந்தோரில், மருந்தை எப்படி அடிப்பது என்றுதான் தங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள் என்றார்கள். கப்பல் கப்பலாக நஞ்சை இறக்கவும், கடை கடையாகப் பங்கிடவும், கிராமம் கிராமமாக விளம்பரம் ஒட்டவும் இந்த நாட்டில் ஆள் உண்டு. ஒரு போத்தலைத் திருப்பி வாங்க ஒரு சீவனும் இல்லை. லாபம் எடுத்தவன் கொழும்பில் மாடி வீட்டில் இருப்பான். மிச்சத்தை மருதனார்மடத்தில் ஒரு கைம்பெண் காவல் காப்பாள். இதற்குப் பெயர் விவசாய அபிவிருத்தி.

கடைசியில் பத்மாவதி ஒரு போத்தலை மாதிரிக்குப் பையில் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனாள். மேசையில் இருந்தவர் போத்தலைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அம்மா, அதைக் கீழே வையுங்க. எதுவா இருந்தாலும் பேசுவம்."

"நான் கதைக்கத்தானே வந்தனான். உதை எங்கை குடுக்கிறது?"

"யாருக்குக் குடுக்க?"

விளக்கம் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. தேத்தண்ணீர் கொடுத்தார்கள். வாழ்க்கையின் அருமை பற்றி ஒரு பெண் பொலிஸ் உருக்கமாகக் கதைத்தார். அயலில் யாரும் பொறுப்பான ஆள் உண்டா என்று கேட்டு, ஓட்டோக்கார டிலக்ஷனைக் கூப்பிட்டு, அவனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். போத்தலும் கூடவே வந்தது. அதை வைத்திருக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். இரவாவதற்கு முன்னமே ஊரெல்லாம் செய்தி. பின்னேரம் முழுக்கப் பெண்கள் வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"எனக்கு ஒண்டுமில்லையடி! நான் குடிக்கப் போகேல்லை! நீங்கள் குடிக்காமல் இருக்கத்தான் திரியிறன்!"

"ஓம் அக்கா, ஓம்," என்று இன்னும் கொஞ்சம் அழுதார்கள்.

பிறகு எங்கோ ஒரு கந்தோரில் யாரோ ஒருவர் நல்ல செய்தி சொன்னார். இப்படிப்பட்டவற்றை எடுக்க ஒரு வாகனம் வரும். வளவுக்குள் உள்ளே வராது. ஆகவே முகப்பில் எடுத்து வையுங்கள். பத்மாவதி கையுறை போட்டு, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டி, போத்தல்களை நிமிர்த்தி ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் அடுக்கி, சுற்றிவர மண் போட்டாள். முடக்கில், வேப்பமரத்துக்குக் கீழே, முன்பு மாட்டுக்குத் தண்ணீர் வைத்த சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. பரலை அதற்குள் இறக்கி, மேலே ஒரு பலகைக்கல் வைத்து மூடினாள். வாகனம் வரவில்லை. அந்தக் கந்தோருக்குத் திரும்பப் போனபோது சொன்னவர் மாற்றலாகிவிட்டார்.

வாகனத்துக்குப் பதிலாக ஊர் வந்தது. பத்மாவதி அபாயக் குப்பை சேர்க்கிறாளாம் என்று கேள்விப்பட்டு, உடைந்த விளக்கு, காலாவதியான குளிசை, பிள்ளைகளின் பம்பர்ஸ் எல்லாவற்றையும் தொட்டிக்கு மேல் கொண்டுவந்து கொட்டினார்கள். அவள் ஒரு பலகையில் ஆபத்து என்று சிவப்பில் எழுதினாள். அதைக் கட்டி நிறுத்த வேறொன்றும் அகப்படாமல், எருக் கிளறுகிற மூன்று பல் இரும்பு முள்ளு ஒன்றைப் பிடியைக் கீழே குத்திப் பல்லு மேலே தெரிய நட்டாள். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று அந்தப் பல்லுக்கும் சிவப்புப் பூசினாள்.

யாழ்ப்பாணத்தில் வாழ்கிற ஒரு மனுசி செய்யக்கூடாத பிழை அது. வேப்பமரம், முடக்கு, கல், மேலே சிவப்பாக மூன்று பல்லு. அடுத்த காற்றுக்குப் பலகை விழுந்து கறையான் தின்றுவிட்டது. முள்ளு நின்றது. ஒருநாள் டிலக்ஷன் ஓட்டோவைக் கைபேசி பார்த்தபடி திருப்பி, முடக்கில் குடைசாய்ந்து, கீறல்கூட இல்லாமல் எழும்பினான். எழும்பியவனின் கண்ணில் முதலில் பட்டது அந்த முள்ளு. வீட்டுக்குப் போய்த் தேங்காயோடு வந்தான்.

அதற்குப் பிறகு ஒருவரும் அங்கே குப்பை கொட்டவில்லை. சட்டம் சொல்லிக் கேட்காதவர்கள், கிணறு நாறும் என்று சொல்லிக் கேட்காதவர்கள், ஒரு எரு முள்ளுக்குப் பயந்து பம்பர்ஸைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் எரிந்தது. முள்ளுக்கு வடைமாலை விழுந்தது. சூலம் என்றால் வைரவர்தானே, முடக்கு வைரவர் என்று பெயரும் வைத்தாயிற்று. ஓய்வு பெற்ற கிளாக்கர் மார்க்கண்டர் தலைமையில் ஒரு பரிபாலன சபை பிறந்தது. கனடாவில் ஸ்கார்பரோவிலும் ஒரு கிளை இருப்பதாகப் பேச்சு.

பத்மாவதிக்கு முதலில் இது நல்லதுதான் என்று பட்டது. குப்பை நின்றுவிட்டதே. ஆனால் தேங்காய் அடிக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகைக்கல்லில்தான் அடித்தார்கள். கல் வெடித்தது. பிறகு அபிஷேகம் தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர், பால், இளநீர், மஞ்சள் தண்ணீர். எல்லாம் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கியது. தொட்டியின் அடி ஈரமாகி, ஒரு மூலையால் கசியத் தொடங்கியது. கசிந்த இடத்தில் புல்லு கருகியது. அங்கேயிருந்து வேலி, வேலிக்கு அப்பால் கிணறு.

அவள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சைக்கிளில் கலன் கட்டிப் போய், தூரத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். மார்க்கண்டரிடம் போய்ச் சொன்னாள்.

"மார்க்கண்டண்ணை, உதுக்குள்ளை இருக்கிறது நஞ்சு. என்ரை கையாலைதான் வைச்சனான். தண்ணி ஊத்த ஊத்த எல்லாற்றை கிணத்துக்கும் போகும்."

"பத்மா, நீ வைச்சது உண்மைதான். உன்னைக் கொண்டு வைப்பிச்சது ஆர்?"

"ஒரு கந்தோரிலை இருந்தவர். பேர் மறந்துபோச்சு."

"பாத்தியே, பேர் தெரியாத ஆள்! வந்தார், சொன்னார், மறைஞ்சிட்டார்." மார்க்கண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மறையேல்லை அண்ணை, மாற்றலாகிப் போனவர்! புல்லுக் கருகிறதையும் பாக்கேல்லையே நீங்கள்?"

"உக்கிரமான தெய்வம் பிள்ளை. நிலம் தாங்காது."

நேர்மையான மூடன் என்றால் ஆதாரத்தைக் காட்டினால் திகைப்பான். பக்தன் திகைக்கமாட்டான். காட்டுகிற ஆதாரம் முழுவதையும் வாங்கித் தன் பெட்டிக்குள் போட்டுக்கொள்வான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒழுங்கையால் வரும்போது, இராசமலர் தொட்டியின் கசிவுக்குக் கீழே செம்பை ஏந்திக்கொண்டு குந்தியிருப்பதைக் கண்டாள். செம்பில் ஊறிய தண்ணீர் பால் நிறத்தில் இருந்தது.

"என்னடி செய்யிறாய்?"

"தீர்த்தம் அக்கா. முழங்கால் நோவுக்கு நல்லதாம். டிலக்ஷன்ரை தாய்க்குச் சுகமெண்டு..."

பத்மாவதி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் செம்பைக் காலால் அடித்தாள். அது உருண்டுபோய் முள்ளில் மோதி நின்றது. இராசமலர் ஓவென்று கத்தினாள். அவளைத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைக்கும்வரை பத்மாவதி விடவில்லை.

"குடிச்சனியே? சொல்லடி, குடிச்சனியே?"

"இல்லையக்கா, பூசிறதுக்குத்தான். நீ வைரவருக்குக் காலாலை உதைஞ்சு போட்டாய்!"

"செம்புக்குத்தான் உதைஞ்சனான். வைரவருக்கு உதைக்கிறதெண்டால் சொல்லிப்போட்டு உதைப்பன்."

அந்த வசனம் அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விட்டது. பத்மாவதியின் வீட்டு விசேசங்களுக்குப் போவதில்லை என்று சபை தீர்மானித்தது. டிலக்ஷன் மட்டும் அவளை ஒருநாள் மறித்து, குரலைத் தாழ்த்தி, "அன்ரி, அது உண்மையிலை நஞ்சோ? அம்மா ரெண்டு முறை முழங்காலுக்குப் பூசினவ," என்று கேட்டான்.

"முதலிலை அம்மாவைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டு. பேந்து என்னை யாழ்ப்பாணத்துக்கு ஏத்திக்கொண்டு போ."

யாழ்ப்பாண நகரில் சுற்றாடல் அலுவல்களைக் கவனிக்கும் கந்தோரில் நிரோஜினி என்ற இளம் அதிகாரி இருந்தாள். அபாயக் கழிவு சேகரிக்க வடக்குக்கு ஒரு லொறி வரப்போவதாக மேலிடத்திலிருந்து அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எப்போது என்று சொல்லவில்லை. பத்மாவதி கந்தோர் வாங்கில் உட்கார்ந்து இருந்தாள். அடுத்த நாளும் வந்து இருந்தாள். பொருட்களை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

"ஏத்தக்கூடாது அம்மா. உதுக்கு அனுமதி உள்ள வாகனம் வேணும். வழியிலை ஒண்டு உடைஞ்சால்?"

"அப்ப வாகனம் வாறவரைக்கும் நான் இஞ்சைதான் இருக்கப்போறன் பிள்ளை. வீட்டிலை குடிக்கத் தண்ணி இல்லை. இஞ்சை கூலர் இருக்குது."

நிரோஜினி சிரித்தாள். ஆனால் அன்று பின்னேரமே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தத் தொடங்கினாள். அவளுக்கும் குரல் இருந்தது.

லொறி வந்த அன்று முடக்கில் ஊரே நின்றது. வெள்ளை முழு உடுப்பும் முகமூடியும் போட்ட இரண்டு தொழிலாளர் இறங்கினார்கள். தொட்டிக்கு முன்னால் பட்டு வேட்டி, சால்வை, திருநீறோடு மார்க்கண்டர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இது கோயில். ஒருதரும் கை வைக்கேலாது."

"ஆற்றை கோயில் ஐயா?" என்று நிரோஜினி மரியாதையாகக் கேட்டாள்.

"பரிபாலன சபைக்குச் சொந்தம். நான்தான் தலைவர்."

"தொட்டியுமோ?"

"தொட்டிதான் மூலஸ்தானம் பிள்ளை!"

"தொட்டிக்குள்ளை இருக்கிறதும்?"

"உள்ளை, வெளியிலை, மேலை, கீழை, எல்லாம் அவருக்குத்தான்."

"சரி. உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"அபாய நஞ்சை அனுமதி இல்லாமல் வைச்சிருக்கிற ஆளின்ரை பேர் போடவேணும். பத்மாவதி அம்மா தானே முன்வந்து குடுக்கிறா, அவவுக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் உங்கடை எண்டுறியள், குடுக்கமாட்டன் எண்டுறியள். வழக்கு உங்களுக்குத்தான் வரும்."

மார்க்கண்டரின் விரித்த கைகள் மெல்ல மெல்ல மடங்கின. வேப்பமரத்தில் ஒரு காகம் கத்தியது. அவர் அதை நன்றியோடு அண்ணாந்து பார்த்தார். காகம் வேறொன்றும் சொல்லவில்லை.

"பிள்ளை, உதிலை ஒரு சின்ன விளக்கம். வைரவர் எண்டுறவர் காவல் தெய்வம். வெளியிலை நிக்கிறவர். உள்ளை என்ன கிடக்குது எண்டது காவல்காரனுக்கு என்னத்துக்கு?"

"அண்ணை, இப்பத்தானே மூலஸ்தானம் எண்டனீங்கள்?" என்றான் டிலக்ஷன் பின்னாலிருந்து.

"நீ வாயைப் பொத்து. சனம் பக்தியிலை நாலு சொல்லும்."

"சொன்னது நீங்கள்தான்."

"அப்ப உள்ளை இருக்கிறது பத்மாவதி அம்மாவின்ரை," என்றாள் நிரோஜினி. "நாங்கள் எடுக்கிறம். வெளியிலை இருக்கிற சூலத்தை நீங்கள் எடுங்கோ. ஆனால் அதுவும் ஊறிப்போச்சு, பைக்குள்ளை கட்டி எங்களோடைதான் அனுப்பவேணும். வெறுங்கையாலை தொடவேண்டாம்."

அந்தக் கடைசி வசனத்தோடு சபை அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். ஐயருக்குத் தொலைபேசி போட்டார்கள். விசயத்தைக் கேட்ட ஐயர், தனக்கு நெல்லியடியில் கும்பாபிஷேகம் இருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொன்னார். தலைவர்தான் எடுக்கவேண்டும் என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தச் சபை இவ்வளவு விரைவாக எதையும் தீர்மானித்தது அதுதான் முதல் தடவை.

இப்படித்தான் மார்க்கண்டர் பட்டு வேட்டிக்கு மேல் வெள்ளை முழு உடுப்பைப் போட்டு, முகமூடி கட்டி, முழங்கைவரை றப்பர் கையுறை மாட்டி, சிவப்பு எரு முள்ளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லொறிக்கு நடந்தார். யாரோ அரோகரா என்றார்கள். கூட்டம் முழுவதும் அரோகரா என்றது. தொழிலாளர் ஒருவர் தடித்த பையை விரித்துப் பிடித்தார். இராசமலர் முன்னுக்கு வந்து, ஒரு கை செவ்வரத்தம் பூவைப் பைக்குள் போடலாமா என்று கேட்டாள்.

"போடுங்கோ அக்கா. உங்கை பறிச்ச பூவெண்டால் அதையும் எரிக்கத்தான் வேணும்," என்றாள் நிரோஜினி.

பரலையும், ஊறிய மண்ணையும், உடைத்தெடுத்த தொட்டிக் கல்லையும் ஏற்றினார்கள். கதவைச் சாத்தப் போகும்போது ஒழுங்கை வெறுமையாக இருந்தது. கூட்டம் போய்விட்டது என்று பத்மாவதி நினைத்தாள். பார்த்தால் வீடு வீடாக ஆட்கள் பைகளோடு ஓடிவருகிறார்கள். கொட்டிலில் ஒளித்தது, கூரையில் செருகியது, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு மேலே பிள்ளைகளைப் படுக்கவிட்டது. எல்லோருக்கும் முன்னால், வெள்ளை உடுப்பைக் கழற்றாமலே, ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கண்டர்.

"தானே முன்வந்து குடுக்கிறன் பிள்ளை," என்றார் முகமூடிக்குள்ளால். "உதை வடிவா எழுதிக்கொள்ளும்."

லொறியில் இடம் இருந்தவரை எடுத்தார்கள். மிச்சத்துக்கு நிரோஜினி பெயர் பதிந்துகொண்டாள். தெற்கே ஒரு பெரிய சூளையில் எல்லாம் கடும் சூட்டில் எரியும் என்று சொன்னாள். வைரவருக்கும் அதுதானா என்று யாரும் கேட்கவில்லை.

பத்மாவதியின் கிணற்றிலிருந்து தண்ணீரும் எடுத்துப் போனார்கள். ஆரணி வந்து சேர்ந்து, வயிறு இறங்கி, நடக்க மூச்சு வாங்கும் நாட்களில் நிரோஜினி முடிவோடு வந்தாள்.

"பூச்சி மருந்து கிணறுவரை வரேல்லை அம்மா. நேரத்துக்கு எடுத்தது நல்லதாப் போச்சு."

ஆரணி கேட்டாள்: "அப்ப குடிக்கலாமே?"

"நீங்கள் குளிக்கலாம், துவைக்கலாம். ஆனால் குடிக்கவேண்டாம், இதிலை நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிக் கிடக்குது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணி கூடாது. கொதிக்கவைச்சாலும் போகாது."

"அது எங்காலை வந்தது?" என்றாள் பத்மாவதி.

"யூரியாவாலை. ஊர் முழுக்க அளவில்லாமல் போடுறது, கக்கூசுக் குழியாலை ஊறுறது, எல்லாம் கீழை போய்ச் சேருது. இஞ்சை கனக்கக் கிணறு இப்பிடித்தான்."

"அப்ப அதை எந்த லொறியிலை ஏத்துவியள்?"

நிரோஜினி பேனையை மூடினாள். "அதுக்கு லொறி இல்லை அம்மா."

அன்று பின்னேரம் மார்க்கண்டர் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, தன் வெங்காயப் பாத்திகளுக்கு யூரியாவைக் கைநிறைய அள்ளி வீசிக்கொண்டு நின்றார். வேலியில் இருந்த பொட்டு வழியாகப் பத்மாவதி வருவதைக் கண்டதும் யூரியாச் சட்டியைத் தனக்குப் பின்னால் மறைத்தார்.

"இதுக்கும் வழக்கோ பத்மா?"

"வழக்கு இல்லை அண்ணை. கதைக்கவேணும். கனக்கக் கதைக்கவேணும். உந்த வரம்பிலை இருங்கோ."

அவர் இருந்தார்.